சிறு சபை நடத்துகிறவர்களுக்கு: பத்திரம் முதல் மின் மீட்டர் வரை காகித வேலை

எங்கள் சபைக்கு ஞாயிறு தோறும் எழுபது பேர் வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில், பஸ் விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊர். சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகளுக்கு இருப்பது போல மேலே பேராயம், சினாடு என்று எங்களுக்கு எதுவும் கிடையாது. தனிச் சபை. பதினான்கு வருடம் பாஸ்டர் ஐயா வீட்டு மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழேதான் ஆராதனை. சீட்டுப் பணத்தையும் சிலர் வளையலையும் போட்டு ஆறு சென்ட் நிலம் வாங்கினோம். "இப்போதைக்கு" ஐயா பெயரிலேயே பத்திரம் ஆனது. 2021 ஜனவரியில் ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்த மாதமே வாரிசுகளுக்குள் பேச்சு கிளம்பியது. பொருளாளர் என்ற முறையில் அன்று கையில் எடுத்த கோப்புகளை நான் கீழே வைக்க நான்கு வருடம் ஆயிற்று.

அந்த நாட்களில் எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு வேறு, அனுமதி வேறு. டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டினால் எல்லா அலுவலகமும் வழிவிடும் என்று நினைத்தோம். அந்தப் பத்திரம் சொத்து வாங்கவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உதவும், அவ்வளவுதான். ஆலயம் கட்ட ஒரு அனுமதி, கல்யாணம் நடத்த ஓர் உரிமம், வெளிநாட்டுப் பணம் வாங்க இன்னொரு பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

1. எதற்கு அனுமதி வேண்டாம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விசுவாசிக்க, ஜெபிக்க, வேதம் வாசிக்க, விசுவாசத்தை மற்றவருக்குச் சொல்ல எந்த அலுவலகத்திலும் முத்திரை வாங்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு அதைத் தனி மனிதருக்குத் தருகிறது; பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற மூன்று வேலிகளோடு. சபை தன் காரியத்தைத் தானே நடத்தவும் சொத்து வைத்துக்கொள்ளவும் 26-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தச் சொத்தைச் சட்டப்படி நிர்வகிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நாம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த வார்த்தையில்தான்.

இன்னொன்று. 1977-இல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில், மதத்தைப் பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேடையில் "எங்களுக்கு மாற்ற உரிமை இருக்கிறது" என்று முழங்கும் பிரசங்கியார்கள் இதைத் தெரிந்துகொண்டால் காவல் நிலையத்தில் நமக்குப் பாதி வேலை குறையும். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. உத்தரப் பிரதேசத்தில் 60 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருப்பது போல இங்கே ஞானஸ்நானத்துக்கு முன் யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்.

2. டிரஸ்டா, சங்கமா

சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், பதிவு மாவட்டப் பதிவாளரிடம். ஆண்டுக் கூட்டம், நிர்வாகிகள் பட்டியல், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வருடம் விட்டுவிட்டால் அபராதம் கட்டிக் கட்டியே அலுத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், உறுப்பினர் எல்லாருக்கும் ஓட்டு உண்டு. சபையில் சின்ன மனஸ்தாபம் வந்தால் அது பொதுக்குழுவில் போய் நின்று, பிறகு பதிவாளர் மேசைக்கு ஏறிவிடும்.

டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம். இரண்டு பேர் இருந்தாலும் போதும். வருடாந்திரத் தாக்கல் பதிவுத்துறையில் கிடையாது. ஐம்பது, நூறு பேர் உள்ள சபைக்கு டிரஸ்ட்தான் தோது என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை. குறைந்தது ஐந்து டிரஸ்டிகள் இருக்கட்டும்; அதில் ஒரே குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம். பாஸ்டர், பாஸ்டரம்மா, மூத்த மகன் என்று மூன்று பேர் வைத்து எழுதிய பத்திரங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அது சபை டிரஸ்ட் இல்லை, குடும்பச் சொத்துக்கு வைத்த பெயர்.

3. பத்திரம் எழுதும்போது

ஆவண எழுத்தரிடம் போனால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார். எங்களுக்கு முதலில் கிடைத்த வரைவு ஏதோ ஓர் ஊரின் கபடிக் குழுவுக்கு எழுதியது. நோக்கங்களில் "விளையாட்டு வீரர்களை ஊக்குவித்தல்" அப்படியே நின்றது. பத்திரத்தை நீங்களே ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். கீழே சொல்வது எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

நோக்கம்: சபை ஆராதனை, வேத போதனை, ஆலயம் கட்டிப் பராமரித்தல், கல்லறைத் தோட்டம் என்று நேரடியாக எழுதுங்கள். சிலர் தர்ம காரியங்களையும் ஒரு பட்டியலாகச் சேர்ப்பார்கள். சேர்க்கலாம், வருமான வரியில் அதன் விளைவை அடுத்த படியில் சொல்கிறேன்.

வாரிசுரிமை கிடையாது: டிரஸ்டி இறந்தாலோ விலகினாலோ அந்த இடம் அவர் பிள்ளைக்குப் போகாது, மற்ற டிரஸ்டிகள் சபை மூப்பர்களைக் கலந்து நிரப்புவார்கள் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

திருத்தம்: பின்னால் பத்திரத்தைத் திருத்த அதிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ஒரு முகவரியை மாற்றக்கூட நீதிமன்றம் போக வேண்டிய நிலை வரலாம்.

கலைப்பு: டிரஸ்ட் முடிந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு டிரஸ்டுக்குத்தான் போகும், டிரஸ்டிகளுக்குப் பங்கு கிடையாது என்று எழுதாவிட்டால் வருமான வரிப் பதிவு நிற்கும்.

பாஸ்டர் மாறினால், சபை பிரிந்தால்: சொத்து என்ன ஆகும் என்று எழுதுங்கள். இது சங்கடமான வரிதான். எழுதும்போது மூப்பர் ஒருவர் "விசுவாசக் குறைவு" என்றார். ஐயாவின் காரியம் ஞாபகம் இருந்ததால் நான் விடவில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: டிரஸ்டிகள் எல்லாருடைய ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகள் ஆதாரோடு, அலுவலக முகவரிக்குச் சொத்து வரி ரசீது, அது வாடகை இடமானால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். பதிவுத்துறை இணையதளத்தில் டோக்கன் எடுத்துவிட்டுப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே பதிவு முடியும். அரசுக் கட்டணத்தை அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக் கூலி பேரம்தான். எங்களிடம் முதலில் 12,000 கேட்டு 5,000-த்தில் முடிந்தது.

4. பான், வங்கி, காணிக்கைப் பெட்டி

பத்திரம் கைக்கு வந்த வாரமே டிரஸ்ட் பெயரில் பான் எடுங்கள். அட்டையோடு கட்டணம் 107 ரூபாய். சுமார் இரண்டு வாரம். பத்திரத்தில் உள்ள பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் பானிலும் வர வேண்டும். "ஜெபவீடு", "ஜெப வீடு" என்று ஓர் இடைவெளிக்காக வங்கியில் எங்களை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.

வங்கியில் டிரஸ்டிகளின் தீர்மான நகல் கேட்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும்படி வையுங்கள். தசமபாகம் பாஸ்டரின் சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் போகிற பழக்கத்தை அன்றைக்கே நிறுத்துங்கள். அது அவருடைய வருமானமாகவே கணக்காகும். பின்னால் விளக்கம் சொல்லி மாளாது.

அடுத்தது டிரஸ்டுக்கு வருமான வரி விலக்குப் பதிவு. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் "12ஏ" என்றுதான் வரும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருப்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறிவிட்டன. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. புதிய டிரஸ்டுக்கு முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், எப்படியும் அது முடிய ஆறு மாதம் இருக்கும் முன்பே, வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நாள்காட்டியில் இல்லை, சபைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

காணிக்கை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க "80ஜி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஒரு மதத்தாருக்கென்றே உள்ள அமைப்புக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்குப் பதிலாக நமக்கு ஒரு வசதி உண்டு. முழுக்க மத நோக்கத்துக்கான டிரஸ்டின் உண்டியலில் பெயர் தெரியாமல் விழும் பணத்துக்குத் தனி வரி விதிப்பதில்லை. தர்ம காரியங்களையும் கலந்து எழுதினால் இந்த வசதியில் கேள்வி எழும். எங்கள் ஆடிட்டர் சொன்னது: ஆலயத்துக்கு ஒரு டிரஸ்ட், டியூஷன் சென்டர் நடத்த ஆசை இருந்தால் அதற்கு இன்னொன்று.

உண்டியலை இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, அன்றே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

5. நிலம்

டிரஸ்ட் பதிவாகும் முன் நிலம் வாங்காதீர்கள். "முதலில் ஐயா பெயரில் வாங்குவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பதற்கு எங்களுக்கு ஆன செலவைச் சொல்கிறேன். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு உள்ள குறைந்த கட்டணம் டிரஸ்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது கிடைக்காது. வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எங்கள் ஆறு சென்டுக்கு மதிப்பு ஐந்தேகால் லட்சம்; 47,250 ரூபாய் கட்டினோம். வாங்கியபோது கட்டியது தனி.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஐயா உயில் எழுதவில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகளுக்கும் சேர்த்து. ஆக நான்கு பேர் கையெழுத்து. அம்மா முதல் நாளே சம்மதம். சின்னவரும் அப்படியே. மகள் துபாயில், அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகார ஆவணம் போட்டு அனுப்ப ஐந்து மாதம். பெரியவர், "அப்பா சம்பளம் இல்லாமல் உழைத்ததற்கு இதுவாவது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை; பதினான்கு வருடம் ஐயாவுக்கு நாங்கள் கொடுத்தது அரிசியும் ஆட்டோ காசும்தான். மூப்பர்கள் பேசிப் பேசி, பங்குக்குப் பதில் ஒரு தொகை கொடுத்து, 2023 ஜூனில்தான் பத்திரம் டிரஸ்ட் பெயருக்கு வந்தது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை எந்த மனைக்கும் உள்ளவைதான்: முப்பது வருட வில்லங்கம், மூலப் பத்திரம், பட்டா, நில அளவை வரைபடம். சபைகள் குறிப்பாக ஏமாறும் இடங்கள் மூன்று. ஒன்று, பஞ்சமி நிலம், அதாவது பட்டியல் சாதியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலம். விலை மலிவாக இருக்கும், உரிமை நிற்காது. இரண்டு, ஏரி, வாய்க்கால் புறம்போக்கு. "பத்து வருஷமா இருக்கோம் சார்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. மூன்று, அங்கீகாரம் இல்லாத மனைப் பிரிவு. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனையா, வரன்முறை ஆனதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பதிவும் ஆகாது, கட்டட அனுமதியும் வராது.

வழி எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். புரோக்கர் சொல்லும் இருபது அடி எங்களுக்குப் பதினாலு அடியாக இருந்தது.

6. கலெக்டரின் தடையின்மைச் சான்று

அதிக நாள் இழுப்பது இதுதான். பொது வழிபாட்டுக்குக் கட்டடம் என்றால் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். பொது அமைதி கெடும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே இது உண்டு. இப்போது கட்டட அனுமதி 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த விதிகளின்படி தரப்படுகிறது. வழிபாட்டிடம் என்றால் கலெக்டர் சான்று கேட்பது மட்டும் மாறவில்லை. கோயில், பள்ளிவாசல், ஆலயம் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான்.

இதைச் சுற்றிப் போகிறேன் என்று "குடியிருப்பு வீடு" என வரைபடம் போட்டு அனுமதி வாங்கிவிட்டு, கட்டி முடித்து சிலுவை வைப்பவர்கள் பலர். அடுத்த மாதமே ஒரு புகார், ஒரு நோட்டீஸ், பிறகு சீல். சீல் வைத்த கட்டடத்துக்கு அனுமதி கேட்பது வெற்று மனைக்குக் கேட்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம்.

எங்கள் கோப்பில் வைத்தவை:

- டிரஸ்ட் பத்திரம், பான் நகல்
- நிலப் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம்
- உரிமம் பெற்ற பொறியாளர் போட்ட கட்டட வரைபடம். வாகனம் நிறுத்தும் இடத்தோடு
- மனையைச் சுற்றி உள்ள கோயில், பள்ளி, மருத்துவமனை எத்தனை மீட்டரில் என்று காட்டும் வரைபடம்
- விசுவாசிகள் பட்டியல், முகவரியோடு
- பக்கத்து மனைக்காரர்கள் கையெழுத்திட்ட ஆட்சேபணை இன்மைக் கடிதங்கள்
- ஊராட்சியில் கொடுத்த கடிதத்தின் நகல், ஒப்புகையோடு

ஆறாவது மட்டும் விதியில் கட்டாயம் இல்லை. ஆனால் அதுதான் வேலை செய்தது. எதிர் வீட்டுப் பெரியவர் ஊர்க் கோயில் தர்மகர்த்தா. நேரில் போய், கட்டப்போவது எவ்வளவு பெரியது, மைக் வெளியே வைக்க மாட்டோம், ஞாயிறு எத்தனை மணி வரை என்று சொன்னோம். "வண்டியை என் வாசல்ல நிறுத்தாம இருந்தா சரி தம்பி" என்று கையெழுத்துப் போட்டார். வண்டி நிறுத்தும் இடம் வரைபடத்தில் வந்தது அவரால்தான்.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்து எண் வாங்குங்கள். அதோடு ஒரு நகலைப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மனு அங்கிருந்து தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) பக்கம் ஒன்று, காவல் கண்காணிப்பாளர் பக்கம் ஒன்று, ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒன்று என்று பிரியும். வி.ஏ.ஓ.வும் இன்ஸ்பெக்டரும் மனைக்கு வருவார்கள். அன்று இருபது பேர் கூடி நின்று பாட்டுப் பாட வேண்டாம். இரண்டு டிரஸ்டிகள் போதும், பேச்சில் நிதானம் உள்ளவர்களாக.

மூன்று மாதம் சத்தமில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "என் மனு எந்த மேசையில், எந்தத் தேதி முதல் உள்ளது" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. தேதியும் மேசையும் கேட்டால் வரும். எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் ஏழு மாதம் சும்மா கிடந்தது அப்படித்தான் தெரிந்தது.

அதற்கும் அசையாவிட்டால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம். தென் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்கும் மற்றவர்கள் சென்னைக்கும். மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடு என்று கேட்பதுதான் எளிது. "அனுமதி கொடு" என்று நேராகக் கேட்டால் இழுக்கும். வக்கீல் செலவு எங்களுக்கு 25,000. எட்டு வாரத்தில் முடிவெடுக்க உத்தரவு வந்தது. மனு கொடுத்தது 2023 ஆகஸ்ட். சான்று கையில் வந்தது 2025 பிப்ரவரி.

மறுத்து உத்தரவு வந்தால் காரணத்தைப் படியுங்கள். "ஊர் மக்கள் ஆட்சேபணை" என்று ஒரே வரி மட்டும் இருந்தால் வழக்குக்கு இடமுண்டு. பொது அமைதிக்கு என்ன பாதிப்பு என்று அறிக்கையோடு எழுதியிருந்தால், அந்தக் குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பது நல்லது.

7. அதுவரை எங்கே கூடுவது

வீட்டில் குடும்பமாக, வந்த உறவினரோடு ஜெபிக்க யாரும் தடை சொல்ல முடியாது. வீட்டையே ஜெபக்கூடமாக்கி, போர்டு வைத்து, வாராவாரம் வெளியாரைக் கூட்டினால் முந்தைய படியில் சொன்ன அனுமதியைக் கேட்பார்கள். இடையில் உள்ள கோடு மெல்லியது. நாங்கள் அந்த நான்கு வருடமும் ஐந்து வீடுகளில் பிரிந்து கூடினோம். மாதம் ஒருமுறை மட்டும் டவுனில் கல்யாண மண்டபம், ரசீதோடு.

மைக் விஷயத்தில் வீம்பு வேண்டாம். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது சென்னையில் உள்ள ஒரு பெந்தெகொஸ்தே சபைதான். பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. முழு இரவு ஜெபத்துக்குக் கதவைச் சாத்தி, வெறும் குரலில். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்குக் கோபம் வரும், வரட்டும்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தால், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதச் சீட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் வாங்கி வையுங்கள். மற்ற மதத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம்.

8. கல்யாணம் நடத்த உரிமம்

1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, பேராயர் வழியாக அபிஷேகம் பெற்ற குருவானவருக்கு உள்ள அதிகாரம் தனிச் சபைப் பாஸ்டருக்குத் தானாக வராது. மாநில அரசு தரும் உரிமம் வேண்டும். அது ஆளுக்குத்தான், சபைக்கு அல்ல; பாஸ்டர் மாறினால் புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிவுத்துறை வழியாக விண்ணப்பம் போய், விசாரணை நடந்து வரும். மாதங்கள் ஆகும். உரிமம் இல்லாமல் நடத்தினால் அந்தச் சட்டத்தில் பத்து வருடம் வரை சிறை என்று எழுதியிருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது.

அதுவரை இரண்டு வழி. பக்கத்தில் உரிமம் உள்ள பாஸ்டரை அழைத்து அவர் பதிவேட்டில் நடத்துவது; அல்லது 30 நாள் அறிவிப்போடு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டு சபையில் ஆசீர்வாத ஆராதனை. மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவர் என்றால் பின்னதுதான் சுலபம். திருமண நேரம் காலை 6 முதல் மாலை 7-க்குள். நம்பகமான இரண்டு சாட்சிகள். மணமகன் 21, மணமகள் 18. ஆதாரை மட்டும் நம்பாமல் பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ பாருங்கள்.

2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. சபை முத்திரை குத்திய பளபளப்பான அட்டையை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலகத்தில் அழுத பெண்ணை எனக்குத் தெரியும்.

9. வெளிநாட்டுப் பணம்

கனடா சித்தப்பா ஆலயத்துக்கு இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். முதலில் அவர் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், பிறந்தது விக்கிரவாண்டியானாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது.

அந்தப் பதிவுக்கு மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி நமக்குக் கைமாற்றிவிடவும் முடியாது. எங்களைப் போன்ற சபைகளுக்கு இந்தப் பக்கமே போகாதிருப்பது நிம்மதி. பழைய ஆலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு தரும் மானியத்துக்கும் வெளிநாட்டு நிதி வாங்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

10. ஞானஸ்நானமும் சாதிச் சான்றும்

இதைப் பாஸ்டர்கள் பேசத் தயங்குகிறார்கள். தண்ணீரில் இறங்கும் முன் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியில் வருவார்கள். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. பட்டியல் சாதிச் சான்று நிற்காது. பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆலயத்துக்கு வந்து கொண்டே, வேலைக்காக மட்டும் பழைய சான்றைக் காட்டுவது ஆபத்து. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகக் கடுமையாகப் பேசியது. பிள்ளை படிப்பு, வேலை, உள்ளாட்சித் தேர்தல் இட ஒதுக்கீடு எல்லாவற்றையும் குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கட்டும். நாங்கள் இப்போது ஞானஸ்நான வகுப்பிலேயே இதற்கு ஒரு வாரம் ஒதுக்குகிறோம். பதினெட்டு வயது நிறைந்தவர், தன் கைப்பட எழுதிய விருப்பக் கடிதம், இரண்டு சாட்சிகள். அந்தக் கடிதம் எங்கள் கோப்பில் இருக்கும்.

11. கல்லறை

சாவு வந்த பிறகு இடம் தேடாதீர்கள். சொந்த நிலம் என்றாலும் உரிமம் இல்லாமல் அடக்கம் செய்யக்கூடாது. ஊராட்சி விதிகளில் வீட்டிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தூரம் கேட்கிறார்கள். பக்கத்து ஊர் சிஎஸ்ஐ அல்லது லுத்தரன் சபையோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வருடப் பராமரிப்புக் கொடுத்துவிடுகிறோம். வாய்ப்பேச்சாக இருந்த காலத்தில், ஆயர் மாறியதும் ஒரு பாட்டியின் உடலை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறோம்.

12. தகராறு வந்தால்

ஆராதனை நடுவே யாராவது புகுந்தால், மூப்பர் ஒருவர் மட்டும் பேசட்டும். ஒருவர் வீடியோ எடுக்கட்டும். மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கட்டும். வழிபாட்டுக் கூட்டத்தைக் குலைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவில் 300-ஆம் பிரிவு, வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது 298. புகாரில் தேதி, நேரம், நடந்தது, பார்த்தவர் பெயர் மட்டும் எழுதுங்கள்; சாத்தான், சத்துரு எல்லாம் வேண்டாம். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அங்கிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தாலே கீழே பேச்சின் தொனி மாறும்.

இன்ஸ்பெக்டர் அழைத்து "சமாதானக் கூட்டம்" என்றால் போங்கள். ஆனால் "இனி கூட மாட்டோம்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துப் பார்த்து, வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

13. கட்டி முடித்த பின்

கட்டட நிறைவுக்குப் பிறகு இரண்டு விண்ணப்பம் பாக்கி. பொது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் கட்டடத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. தானாக வராது, எழுதிக் கேட்க வேண்டும். முன்பக்கம் இரண்டு கடை கட்டி வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு வரி விழும்.

மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் எடுக்காதீர்கள். வழிபாட்டிடங்களுக்கு 2-சி என்று தனி வகை இருக்கிறது. கலெக்டர் சான்று, பத்திரம், வரைபடம் மூன்றும் கொடுத்தோம். மூன்று வாரத்தில் மீட்டர் வந்தது. மின் அட்டையில் டிரஸ்ட் பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எங்களுடையதில் "ஜெபவீடு" போய் "ஜெயவீடு" ஆகிவிட்டது. திருத்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.